தோடு அடகுக்குப் போன கணக்கு: ஒரு மருத்துவத் திட்டம் நியாயமானதா என்று ஊரிலேயே பார்ப்பது எப்படி

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பில் 16 ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். கடன் பதிவேட்டில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மாடு வாங்க, கூரை மாற்ற, படிப்பு, கல்யாணம், மருத்துவம் என்று ஏதாவது ஒன்றை அதில் எழுதுவோம். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, இனி ‘மருத்துவம்’ என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியிருக்காது என்று மனதார நம்பினேன். அட்டைக்குப் படம் எடுக்க வயதானவர்களை வண்டி பிடித்து அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. மறு ஆண்டு பதிவேட்டைப் புரட்டினேன். ‘மருத்துவம்’ அப்படியே இருந்தது. கடன் தொகை கொஞ்சம் இறங்கியிருந்தது. கடன் வாங்கியவர்களின் எண்ணிக்கை இறங்கவில்லை.

ஏன் என்று கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். திட்டத்தைக் குறை சொல்வதற்காகப் போகவில்லை. அந்தத் திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அட்டை கையில் இருந்தும் தோடு அடகுக்குப் போகிறது என்றால், பணம் எங்கே கசிகிறது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதக் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே சொல்கிறேன். வார்டு உறுப்பினர்கள், குழுத் தலைவிகள், ஊரில் ஏதாவது செய்ய நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு 80 பக்க நோட்டு, இரண்டு ஆட்கள், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

பணம் வரும் வாசலைப் பாருங்கள்

வீட்டுக்குப் போகுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வைத்தியத்துக்கு ஆகும் பணம் நான்கு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. அரசு வசூலிக்கும் வரி ஒன்று. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. போலச் சம்பளத்தில் பிடிப்பது இரண்டாவது. காப்பீட்டுக்குக் கட்டும் சந்தா மூன்றாவது. நான்காவது நோயாளியின் மடி. முதல் மூன்றிலும் நோய் வருவதற்கு முன்பே பணம் ஒரு பொதுக் குடத்தில் சேர்ந்துவிடுகிறது. அதனால் நலமாக இருப்பவர் நோயாளிக்கும், இருப்பவர் இல்லாதவருக்கும் கைகொடுக்க வழி இருக்கிறது. நான்காவது வாசலில் நோயாளி தனியாக நிற்கிறார். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அது எத்தனை பேரை இந்த நான்காவது வாசலிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தது என்பதுதான்.

நாட்டளவில் இதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, 2013-14-ல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்களின் கையிலிருந்து நேரடியாகப் போனது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாக இறங்கியது. பெரிய மாற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் இது சராசரி. கையிலிருந்து போகும் பணம் இரண்டு காரணங்களால் குறையலாம். வைத்தியம் இலவசமாகக் கிடைத்திருக்கலாம். அல்லது பணமில்லாததால் ஆட்கள் வைத்தியத்துக்கே போகாமல் இருந்திருக்கலாம். எது நடந்தது என்பதைச் சராசரி சொல்லாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

வரிப்பணம் என்றதும் நியாயம் வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். வருமான வரி இருப்பவரிடம் கூடுதலாக வாங்குகிறது. சோப்புக்கும் செருப்புக்கும் போடும் வரியை எல்லோரும் ஒரே வீதத்தில் கட்டுகிறோம். கானா நாட்டில் 2003-ல் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்து, பொருள்கள் மீது 2.5 சதவீதக் கூடுதல் வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். நோக்கம் நல்லது. அதுவரை மருத்துவமனை வாசலிலேயே பணம் கட்டினால்தான் சிகிச்சை என்றிருந்த நாடு அது. ஆனால் சந்தா கட்டி அட்டை வாங்க முடியாத ஏழைப் பெண்ணும் கடையில் பொருள் வாங்கும்போது அந்த வரியைக் கட்டிவிடுகிறாள். நோய் வந்தால் அட்டையில்லை என்று மறுபடியும் கையிலிருந்து கட்டுகிறாள். ‘கொடுப்பவர் யார், பெறுபவர் யார்’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் எல்லாக் கேள்விகளும் அதில்தான் வந்து சேரும்.

மருத்துவமனை வாசலில் நின்று கேட்காதீர்கள்

எல்லோரும் செய்யும் தவறு இது. நானும் முதலில் அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வரிசையில் நின்று கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே நிற்பவர்கள் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டவர்கள். வர முடியாதவர் அந்த வரிசையில் இருக்க மாட்டார்.

ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எண்ணிப் போய் மொத்தம் 30 வீடுகள் எடுங்கள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்கு மாறாதீர்கள். மாலையில் மறுபடி வாருங்கள். பகலில் பூட்டியிருக்கும் வீடு பெரும்பாலும் கூலிக்குப் போனவர் வீடு. அதைத் தவிர்த்தால் ஏழை வீடு ஒன்று கணக்கிலிருந்து விழுந்துவிடும். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். பெண்களின் நோயைப் பற்றி ஆண்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அடியிறக்கத்தோடு (கருப்பை கீழிறங்கும் நோய்) எட்டு ஆண்டுகள் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மதினி, மாமியார் தண்ணீர் எடுக்கப் போன பத்து நிமிடத்தில்தான் அதை என்னிடம் சொன்னார்.

கடைசித் தெருவில் ஓர் அப்பத்தா இருந்தார். ஓட்டு வீடு, ஒரே அறை, வாசலில் ஒரு வெள்ளாடு. ஒரு வருடத்தில் வைத்தியத்துக்கு என்ன செலவானது என்று கேட்டேன். “எனக்கு என்ன செலவு தாயி, ஒன்றும் இல்லை” என்றார். நோட்டில் பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுக்க உள்ளே போனவர் அடுப்பு மேட்டைப் பிடித்துத்தான் நகர்ந்தார். மாடத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. ஒவ்வொரு மாத்திரையும் பிளேடால் பாதியாக வெட்டியது. பிரஷர் மாத்திரை. “ஒன்று போட்டால் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. பாதி போட்டால் இருபது நாள் வரும்.” மறுபடி வாங்க பஸ் ஏறிப் போக வேண்டும், போனால் அன்றைக்கு ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆள் இல்லை. காப்பீட்டு அட்டை மகன் குடும்பத்தோடு திருப்பூரில் இருந்தது.

நான் போட்ட பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்தேன். ‘போகாத வைத்தியம்’ என்று அதற்குப் பெயர் வைத்தேன். இந்த ஒரு கட்டத்துக்காகவே முழு வேலையும் செய்யலாம். செலவுக் கணக்கில் பூஜ்யம் என்று வரும் வீடு இரண்டு வகை: நோயே இல்லாத வீடு, நோயோடு ஒதுங்கிவிட்ட வீடு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் திட்டம் வெற்றி என்றுதான் வரும். ஆகவே செலவைக் கேட்ட பிறகு இவற்றையும் கேளுங்கள். காட்ட வேண்டும் என்று நினைத்துக் காட்டாத நோய் உண்டா? எழுதிக் கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தினீர்களா? கண், பல், மூட்டு? ஏன் போகவில்லை? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

செலவை வழி நெடுகக் கேளுங்கள்

‘மொத்தம் எவ்வளவு ஆனது?’ என்று கேட்டால், நினைவில் நிற்கும் பெரிய தொகை ஒன்றைத்தான் சொல்வார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கேட்க வேண்டும். எந்த வண்டியில் போனீர்கள்? முதலில் யாரிடம் காட்டினீர்கள்? அங்கே என்ன வாங்கினார்கள்? துணைக்கு யார் இருந்தார், எங்கே சாப்பிட்டார்? இப்படி வழியைத் தொட்டுக்கொண்டே போனால் மறந்த தொகையெல்லாம் வெளியே வரும். மருத்துவமனையில் தங்கிய சிகிச்சைக்குக் கடந்த 365 நாள், மற்ற காய்ச்சல் தலைவலிக்குக் கடந்த 15 நாள் என்று கால எல்லை வையுங்கள். அரசின் மாதிரிக் கணக்கெடுப்பும் இப்படித்தான் செய்கிறது. சின்ன செலவு 15 நாளைக்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது.

என் தம்பியின் கணக்கையே காட்டுகிறேன். 2019-ல் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. காப்பீட்டு அட்டை இருந்தது. அறுவை சிகிச்சைக்கான தொகையைத் திட்டமே தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது. ‘பைசா செலவில்லாமல் ஆபரேஷன்’ என்று ஊரில் பேச்சு. நோட்டில் வந்தது இது:

முதலில் தூக்கிக்கொண்டு போன ஊரில் டாக்டர், எக்ஸ்ரே, ஊசி: 1,900 ரூபாய். சேர்ப்பதற்கு முன் வெளியில் எடுத்த ஸ்கேன்: 3,500. காப்பீட்டு ஒப்புதல் வரும்வரை ‘முன்பணம்’ என்று கேட்டு, ரசீது தராமல் வாங்கியது: 10,000. வெளிக்கடையில் வாங்கிய மருந்து: 2,750. இவை மருத்துவச் செலவு, கூட்டினால் 18,150.

அடுத்த கட்டத்தில் முதல் நாள் வேன் 800, துணைக்கு இருந்த இரண்டு பேரின் 11 நாள் சாப்பாடு 3,300, பிறகு கட்டுப் பிரிக்கவும் காட்டவும் போய்வந்த செலவு 1,400. மொத்தம் 5,500.

மூன்றாவது கட்டம் இழந்த கூலி. தம்பிக்கு 96 நாள் வேலை போயிற்று, நாளுக்கு 650 வீதம் 62,400. தம்பி மனைவிக்கு 30 நாள், 300 வீதம் 9,000. நான்காவது கட்டம், பணம் எங்கிருந்து வந்தது என்பது. தோடும் மூக்குத்தியும் வைத்து 20,000 வாங்கினார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. மீட்க 14 மாதம் ஆனது. வட்டி மட்டும் 5,600.

எல்லாம் சேர்ந்து 1,00,650 ரூபாய். அந்த வீட்டின் ஓர் ஆண்டு மொத்தச் செலவே 1,08,000 தான்.

இந்த நான்கு கட்டங்களையும் தனித்தனியாக வையுங்கள், ஒன்றாகக் குழப்பாதீர்கள். ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வேறு. ரசீதில்லாத 10,000 விதிமீறல்; கட்டணமில்லா சிகிச்சை என்று ஒப்புக்கொண்ட மருத்துவமனை நோயாளியிடம் கை நீட்டவே கூடாது. ஸ்கேனும் அப்படித்தான்: இங்கே முதலமைச்சரின் திட்டத்தோடு இணைந்து நடக்கும் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்ட விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும் வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் தொகுப்புக்குள்ளேயே அடங்கும். எங்களுக்கு அன்று அது தெரியாது. தெரியாததால் போன பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கூலி இழப்போ எந்த விதியையும் மீறவில்லை. எந்தத் திட்டமும் அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதற்குக் கேட்க வேண்டிய இடம் கட்டடத் தொழிலாளர் நல வாரியம்.

பத்து சதவீதக் கோடு, அதன் குறை

உலக அளவில் நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டின் ஆண்டுச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அந்தச் செலவு குடும்பத்தைச் சாய்க்கும் செலவு. 25 சதவீதம் தாண்டினால் இன்னும் மோசம். இதில் மருத்துவச் செலவை மட்டும் பார்ப்பார்கள். பஸ், சாப்பாடு, கூலி வராது. தம்பி வீட்டுக்கு 18,150-ஐ 1,08,000-ஆல் வகுத்தால் 16.8 சதவீதம். கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் இந்தக் கோட்டை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மாதம் 40,000 செலவு செய்யும் ஒரு வீட்டில் மூட்டு வலிக்கு 50,000 கொடுத்தார்கள். ஆண்டுக்கு 4,80,000 என்று வைத்தால் 10.4 சதவீதம், கோட்டைத் தாண்டிய வீடு. அவர்கள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், அந்த மாதம் தீபாவளித் துணிகூடக் குறையவில்லை. மாதம் 4,000-ல் காலம் தள்ளும் இன்னொரு வீட்டில் ஆண்டுக்கு 4,000 ரூபாய் மருந்து. 8.3 சதவீதம், கோட்டுக்குள் இருக்கும் வீடு. அங்கே இராச்சோறு கஞ்சியாகிவிட்டது.

அதனால் இரண்டாவது கணக்கும் போடுங்கள். மொத்தச் செலவிலிருந்து சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் வைத்தியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. தம்பி வீட்டில் சாப்பாடு 64,800, மிச்சம் 43,200, அதில் 40 சதவீதம் 17,280. 18,150 அதையும் தாண்டுகிறது. ஏழை வீட்டில் சாப்பாடு போக மிஞ்சுவதே கொஞ்சம் என்பதால் இந்தக் கணக்கு அவர்கள் பக்கம் நின்று பார்க்கிறது.

முப்பது வீடுகளையும் வசதிப்படி ஐந்து கட்டாகப் பிரியுங்கள், கட்டுக்கு ஆறு வீடு. வருமானம் கேட்காதீர்கள், யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கூரை, கழிப்பறை, நிலம், வண்டி, கறவை மாடு, யாராவது மாதச் சம்பளத்தில் இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். பிறகு அடிக்கட்டையும் மேல்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டத்தால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எந்தக் கட்டில் கூடுதல்? அடகு எந்தக் கட்டில்? ‘போகாத வைத்தியம்’ எந்தக் கட்டில்? எங்கள் ஊரில் கடைசிக் கேள்விக்கான பதில் முழுவதும் கீழ் இரண்டு கட்டுகளிலேயே இருந்தது.

அட்டையில் யார் இல்லை

2008-ல் வந்த தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை, ஒரு குடும்பத்தில் ஐந்து பேருக்குத்தான் என்று வரம்பு வைத்தது. ஆறு பேர் இருக்கும் வீட்டில் யாரை விடுவார்கள்? ஒரு குடும்பம் மனமறிந்து யாரையும் ஒதுக்குவதில்லை. ஆனால் ஐந்து கட்டம் மட்டும் கொடுத்தால் யார் பெயர் கடைசியாக வரும் என்று எல்லோருக்கும் தெரியும். 2018-ல் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அந்த வரம்பை எடுத்துவிட்டு, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்றார்கள். தொகை உயர்ந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த ஐந்து பேர் வரம்பு போனதுதான் பெரிய செய்தி.

தமிழ்நாட்டில் வருமான வரம்பு நெடுங்காலம் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்து, பிறகு 1,20,000 ஆனது. வி.ஏ.ஓ. சான்றும் குடும்ப அட்டையும் கொண்டுபோக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அட்டையை வாங்கிப் பார்த்து, வீட்டில் படுத்து எழும் ஆட்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். புதிதாக வந்த மருமகள், தனியாக வாழும் தாய், கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டில் இருக்கும் பெண், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவர். விட்டுப்போனவர்கள் பெரும்பாலும் இவர்களாகவே இருப்பார்கள். 2024 அக்டோபர் முதல் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மானில் இடம் உண்டு. அந்த அப்பத்தா போன்றவர்களின் ஆதார் அட்டையில் வயது சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை, படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். பிரஷர், சுகர், காசம், தைராய்டு மாத்திரைக்கு அது பேசாது. ஆனால் மக்களின் கையிலிருந்து போகும் பணத்தில் பெரும்பங்கு வெளிநோயாளியாகக் காட்டுவதற்கும் மருந்துக்கும்தான் போகிறது. இந்த ஓட்டையை அடைப்பவை ‘காப்பீடு’ என்ற பெயரே இல்லாத திட்டங்கள். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, கிடங்கிலிருந்து தேவைக்கு எடுக்க வைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருப்பதற்கு அடிப்படை அதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதே மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அப்பத்தா வீட்டு மாடத்தில் பிளேடு இப்போது இல்லை. அதே ஆண்டு மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆக்கினார்களே, அதையும் நான் மருத்துவக் கணக்கில்தான் எழுதுகிறேன். கர்ப்பிணிகளின் மாதப் பரிசோதனைக்கு வேன் பிடித்த செலவு எங்கள் நோட்டிலிருந்து அதன் பிறகுதான் மறைந்தது.

மற்ற நாடுகளிடம் கடன் வாங்க வேண்டிய கேள்விகள்

புதிதாக எந்தத் திட்டத்தை அறிவித்தாலும் மூன்று கேள்விகளால் அதைத் தட்டிப் பாருங்கள்.

அலமாரியில் மருந்து இருக்கிறதா? உகாண்டாவில் 2001 மார்ச்சில் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஏழைகள் திரண்டு வந்தார்கள். அதுவே பெரிய நன்மை. ஆனால் மருந்து அடிக்கடி தீர்ந்துபோய், வெளிக்கடையில் வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்கள். கட்டணம் போன பிறகும் ஏழை வீடுகளைச் சாய்க்கும் செலவு குறையவில்லை. கட்டணத்தை நீக்குவது ஒரு நாள் அறிவிப்பு. மருந்தைத் தொடர்ந்து வைத்திருப்பது தினசரி வேலை.

பணம் எந்த மருத்துவமனைக்குப் போகிறது? தாய்லாந்தில் 2001-ல் தொடங்கி மறு ஆண்டுக்குள் நாடு முழுவதும் ‘30 பாட்’ திட்டத்தை விரித்தார்கள். ஒருமுறை காட்ட 30 பாட், மிச்சம் வரிப்பணத்திலிருந்து. ஆபரேஷன்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கொடுக்காமல், அந்தப் பகுதியில் பதிவான தலைக்கு இவ்வளவு என்று உள்ளூர் மருத்துவமனைக்கு முன்கூட்டியே கொடுத்தார்கள். அதனால் பணம் பாங்காக்கில் குவியாமல் மாவட்டங்களுக்கு நடந்து போயிற்று. அதற்கு முன் பல ஆண்டுகளாக மாவட்டம்தோறும் மருத்துவமனை கட்டி, புது டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பிப் பாதை போட்டு வைத்திருந்தார்கள். நம்முடைய காப்பீட்டில் ஆபரேஷனுக்கு ஆபரேஷன் பணம். மருத்துவமனை இருக்கும் நகரத்துக்கு அருகில் வாழ்பவருக்குத்தான் அது கூடுதலாகப் பயன்படும். அரசு மருத்துவமனையும் காப்பீட்டுத் தொகையைப் பெறலாம் என்பது இங்கே உள்ள நல்ல ஏற்பாடு. உங்கள் ஊர் ஆட்களின் சிகிச்சைப் பணம் அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு போனது, தனியாருக்கு எவ்வளவு போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டுவிடலாம்.

சந்தா உண்டென்றால், எல்லோருக்கும் ஒரே தொகையா? ருவாண்டாவில் ஊர்க் காப்பீட்டுக்கு முதலில் தலைக்கு ஒரே சந்தா. 2011-ல் அதை மாற்றினார்கள். ஊரே கூடி வீடுகளை வசதிப்படி வகைப்படுத்தும் பழக்கம் அப்போது அங்கே இருந்தது. அதன்படி பரம ஏழைக்கு 2,000 பிராங்க், அதையும் அரசே கட்டியது, நடுவில் உள்ளவர்களுக்கு 3,000, வசதியானவர்களுக்கு 7,000. ஊர் நடுவில் ‘இவர் ஏழை’ என்று சொல்வதில் சங்கடம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் எழுதும் வருமானச் சான்றைவிட, பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மை கூடுதலாகத் தெரியும் என்பதை நான் இந்த 30 வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கிராம சபைக்குக் கொண்டுபோவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாள்களில் ஒன்றுக்குக் குறி வையுங்கள். நோட்டை அப்படியே வாசிக்காதீர்கள். ஒரு பெரிய தாளில் நான்கே நான்கு எண்கள் போதும்: 30 வீட்டில் கடன் வாங்கியவர்கள் எத்தனை, அட்டையில் பெயர் விட்டுப்போனவர்கள் எத்தனை, அட்டை இருந்தும் மருத்துவமனையில் பணம் கொடுத்தவர்கள் எத்தனை, வைத்தியத்துக்கே போகாதவர்கள் எத்தனை. யார் வீடு என்று யாராவது கேட்டால் சொல்லக் கூடாது.

கோரிக்கையை யார் நிறைவேற்ற முடியுமோ அவர் பெயருக்கு எழுதுங்கள். விட்டுப்போன பெயர்களுக்கு ஊரிலேயே ஒரு நாள் முகாம் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. தீர்ந்துபோகும் மாத்திரைகளின் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒன்று. பணம் வாங்கிய மருத்துவமனைகள் மீது தனித்தனிப் புகார், தேதியோடு. ‘மருத்துவ வசதியை மேம்படுத்த வேண்டும்’ என்று எழுதிய தீர்மானம் எந்த மேசையிலும் நிற்காது. சேர்க்கையின்போது யாராவது பணம் கேட்டால் அங்கேயே 104-க்கோ ஆயுஷ்மானின் 14555-க்கோ அழைக்க வேண்டும் என்பதைச் சபையிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் ஊரில் நீல பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம்.

ஒரு வருடம் கழித்து அதே 30 வீட்டுக்கு, அதே வீட்டு எண்களோடு போங்கள். புது வீடு சேர்க்க வேண்டாம். நோட்டின் இடப்பக்கத்தில் போன வருடத்தை எழுதி, வலப்பக்கத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு போவது என் வழக்கம். இந்த முறை 23-ம் எண் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த மதினிக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆகிறது. துணைக்கு இருந்த மகளின் கூலியை மறக்காமல் கேட்க வேண்டும்.